பூட்டிய மனையும் புதுக் குடித்தனமும்



கலியாண ஓலை வாசிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் எல்லோரும் சற்றுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறோம். மாப்பிள்ளை இன்னாருடைய மகன், பெண் இன்னாருடைய மகள், இது முதலாம் ஓலை, இது இரண்டாம் ஓலை என்று அறிக்கையிட்டபின், இவர்களுக்குள் விக்கினம் ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்கும்படி கேட்டு முடிக்கிறார்கள். கிட்டின உறவு, முந்திய விவாகம் முதலியவை திருச்சபைச் சட்டம் சொல்லும் விக்கினங்கள். சட்டத்தில் எழுதப்படாத வேறொரு விக்கினமும் இந்நாளில் நம் திருவண்ணாமலையில் அநேக வாலிபருடைய கலியாணத்தை வருஷக்கணக்காய்த் தள்ளிப்போட வைக்கிறது. குடியிருக்க ஒரு வீடு இல்லை என்பதே அது. இதை யாரும் போய்த் தெரிவிப்பதில்லை; தெரிவித்தாலும் இந்த விக்கினத்துக்கு விலக்குக் கொடுக்க எந்தக் குருவுக்கும் அதிகாரமில்லை.

“வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார்” என்று நம் பெரியோர் சொல்லிவைத்தார்கள். ஒரு மனுஷன் தன் ஆயுளில் சுமக்கவேண்டிய பெரிய பாரங்கள் இவை இரண்டும் என்று எச்சரிக்கவே அப்படிச் சொன்னார்கள். இரண்டையும் ஒரே வருஷத்தில் சுமக்கவேண்டும் என்றோ, வீட்டை முடித்தபின்தான் கலியாணப் பேச்சே எடுக்கலாம் என்றோ அவர்கள் சொல்லவில்லை. இப்போதோ பெண் கேட்டுப் போகிறவர்களை நோக்கி எழும் முதற் கேள்வி, “பையனுக்குச் சொந்த வீடு இருக்கிறதா?” என்பதுதான். இந்தக் கஷ்டம் வெறும் பணக் கஷ்டமா, அல்லது நம் ஒவ்வொருவர் மனச்சாட்சியையும் தொடுகிற நீதிக் காரியமா என்பதை இந்த வாரம் உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு வாலிபனுக்கு மாதம் 20,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே அரைக் கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனையைச் சதுர அடி 1,000 ரூபாய் வீதம் விலை பேசுகிறான். மனைக்கு மட்டும் 12 இலட்சம். அதில் 600 சதுர அடிக்கு இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் எழுப்ப, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் இன்னொரு 12 இலட்சம். விலை இடத்துக்கு இடம் மாறும். கணக்கு விளங்குவதற்காகவே இந்தத் தொகைகளை எடுத்துக்கொண்டோம். மனையைப் பத்திரம் பதிய, முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக ரூ.1,08,000 வேண்டும். பாங்கியில் 20 இலட்சம் கடன் கிடைத்து, வட்டி 8½ சதவீதமும் தவணை 20 வருஷமுமாக இருந்தால், மாதாமாதம் ரூ.17,356 கட்டவேண்டும். கடைசித் தவணை தீரும்போது அவன் செலுத்தியிருப்பது ஏறக்குறைய 41 இலட்சத்து 65 ஆயிரம்.

சம்பளத்தில் மிஞ்சுவது மாதம் ரூ.2,644. அதில் அரிசி பருப்பு வாங்குவதா, பிள்ளையின் பள்ளிச் சம்பளம் கட்டுவதா, தாய் தகப்பனுக்கு மருந்து வாங்குவதா? ஆகையால் பாங்கிக்காரர் அவ்வளவு கடன் கொடுக்கவே துணியமாட்டார். சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகலாகாது என்று கணக்குப் போட்டு, பதினொன்றரை இலட்சம் வரைக்கும் தரலாம் என்பார். அந்தத் தொகை மனைக்கே காணாது. பையன் சோம்பேறியல்ல, ஊதாரியல்ல, குடிப்பவனுமல்ல. என்றாலும் கணக்கு ஒத்துவரவில்லை.

“நாங்கள் கட்டவில்லையா? சிக்கனமாயிருந்தால் எல்லாம் முடியும்” என்று நம் மூத்தவர்களில் சிலர் சொல்லுகிறார்கள். அவர்கள் பட்ட பிரயாசையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர்கள் எப்படிக் கட்டினார்கள் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். முதலில் கொஞ்சம் பணத்துக்கு ஒரு துண்டு நிலம். அதில் கீற்றுக் கொட்டகை. ஐந்தாறு வருஷம் சென்று நாட்டு ஓடு. மகளைக் கட்டிக்கொடுத்தபின் தளம் போட்ட வீடு. இப்படிப் படிப்படியாய் ஏறினார்கள். அந்த ஏணியின் கீழ்ப்படி இப்போது இல்லை. 2016-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் பெறாத மனைகளைப் பத்திரம் பதியலாகாது என்று உத்தரவிட்டது. 2017-ல் அவற்றை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. விளைநிலமும் நீர்நிலையும் கூறுபோட்டு விற்கப்படுவதை நிறுத்த அது அவசியமான உத்தரவுதான். ஆயினும் சாலை, வடிகால், பூங்காவுக்கு இடம் என்று எல்லாம் விட்டு அங்கீகாரம் பெற்ற மனைக்கு அதற்கேற்ற விலையும் உண்டு. கீழ்ப்படியை எடுத்துவிட்ட ஏணியைக் காட்டி, “நான் ஏறினேனே, நீ ஏன் ஏறவில்லை?” என்று பிள்ளைகளைக் கேட்பது நியாயமாகாது.

நம் ஊருக்கென்று தனிக் காரணங்களும் உண்டு. மேற்கே மலை நிற்கிறது. அந்தப் பக்கம் ஊர் வளர இடமில்லை. மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டி நிலம் தேடுவோர் சென்னை, பெங்களூர், ஆந்திரம், தெலுங்கானா என்று பல திசைகளிலிருந்தும் வருகிறார்கள். ரமண மகரிஷி 1896-ல் இங்கு வந்து, 1950-ல் மறையும் வரைக்கும் இவ்வூரை விட்டு அகலவில்லை. அவர் வாழ்ந்த இடத்தை நாடி அயல்நாட்டாரும் வந்து மாதக்கணக்காய்த் தங்குகிறார்கள். 1989-ல் இவ்வூர் மாவட்டத் தலைநகரமாயிற்று. 2024-ல் மாநகராட்சியும் ஆயிற்று. இவையெல்லாம் ஊருக்குப் பிழைப்புத் தருகிறவை. நம் பங்குக் குடும்பங்களிலும் ஆட்டோ ஓட்டியும், கடை வைத்தும், விடுதிகளில் வேலை செய்தும் இதனால் அடுப்பெரிகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகையால் யாத்திரை வருகிறவர்கள் பேரில் நமக்கு யாதொரு குறையும் இல்லை.

ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அறை கேட்டு ஜனம் அலைமோதும்போது, மாத வாடகைக்கு விட்ட வீட்டை நாள் வாடகைக்கு மாற்றினால் வருமானம் கூடுமென்று சொந்தக்காரருக்குத் தோன்றுவது இயல்பு. அப்படி மாறிய ஒவ்வொரு வீடும் ஒரு புதுக் குடித்தனம் இழந்த வீடு. பெத்லேமில் குடிக்கணக்கு எழுத வந்த கூட்டத்தால் சத்திரத்தில் இடமில்லாமற் போனதை நாம் வருஷந்தோறும் குடில் கட்டி நினைக்கிறோம். அங்கே வந்த கூட்டத்தார் துஷ்டர்களல்ல. அறை வைத்திருந்தவரும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. அப்படியிருந்தும் ஓர் இளங் குடும்பம் மாட்டுக்கொட்டிலுக்குப் போகவேண்டியதாயிற்று.

இனி, ஊரைச் சுற்றி ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். கல் நட்டு, கம்பி வேலி போட்டு, உள்ளே சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கும் மனைகளைக் காண்பீர்கள். வாங்கினவர் அங்கே குடிவரப் போவதில்லை. விலை ஏறட்டும் என்று வைத்திருக்கிறார். அப்படி வைத்திருப்போர் எல்லோரும் வெளியூர்க்காரர் என்று நினைத்து நாம் ஆறுதலடைய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நம் பக்கத்தில் முழங்காலிடுகிறவர்களிலும் சிலர் உண்டு; நாமேயும் அவர்களில் ஒருவராயிருக்கலாம்.

சமதரையில் மனை பூட்டிக் கிடக்க, இல்லாதவன் எங்கே போகிறான்? சரிவில் ஏறுகிறான், ஓடைக் கரையில் இறங்குகிறான். 2024-ம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ந் தேதி, ஃபெஞ்சல் புயலின் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டை மூடின. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐவர் சிறு பிள்ளைகள். அந்த நாட்களில் இவ்வூரில் கண்ணீர் விடாதவர் யார்? பாறை உருளும் இடத்தில் யாரும் ஆசைப்பட்டு அஸ்திவாரம் போடுவதில்லை. கைக்கெட்டிய விலைக்குக் கிடைப்பது அவ்விடந்தான் என்னும்போது, ஏழை அங்கே குடியேறுகிறான். அங்கே கட்டலாகாது என்று சர்க்கார் தடுப்பது சரியே. எங்கே கட்டலாம் என்ற கேள்விக்கும் ஊரார் பதில் சொல்லவேண்டுமல்லவா?

இங்கேதான் நீதிக் கேள்வி எழுகிறது. என் பணத்தில் நான் மனை வாங்க எனக்கு உரிமை உண்டா? உண்டு. அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து, பொருளைத் தனக்கென்று சம்பாதித்துப் பராமரிக்க மனுஷனுக்கு உரிமை உண்டென்று தீர்த்தார். ஏனெனில் தன் பொருளைத்தான் ஒருவன் கவனமாய்ப் பேணுவான். ஆனால் அதே இடத்தில் அவர் வேறொன்றையும் சேர்த்துச் சொன்னார். பொருளை உபயோகிக்கும் விஷயத்தில் அதைத் தனக்கு மட்டும் உரியதாய் எண்ணாமல், தேவையுள்ளவனோடு பகிர ஆயத்தமாய் வைத்திருக்கவேண்டும் என்பதே அது. வைத்திருக்கும் உரிமை ஒன்று. உபயோகிக்கும் கடமை ஒன்று. முந்தியதைக் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டு பிந்தியதை மறந்துவிடுவது நம் வழக்கம்.

பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ல் தொழிலாளரைக் குறித்து எழுதிய நிருபத்தில் சொந்தச் சொத்துரிமையை உறுதியாய் ஆதரித்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் அதை ஏன் ஆதரித்தார் என்பதையும் கவனியுங்கள். சிக்கனமாய் வாழும் தொழிலாளி கொஞ்சம் மிச்சம் பிடித்துத் தனக்கென்று சிறு சொத்துத் தேடிக்கொள்ளும்படி கூலி இருக்கவேண்டும், கூடியமட்டும் அநேகர் சொத்துள்ளவர்கள் ஆகவேண்டும் என்பது அவர் விருப்பம். சொத்துரிமை என்பது இல்லாதவனும் ஒருநாள் அடையவேண்டிய நன்மை. ஒருவனுடைய நாலாவது மனை இன்னொருவனுடைய முதல் வீட்டைத் தடுக்குமானால், அந்த உரிமை எதற்காகக் காக்கப்பட்டதோ அதற்கே விரோதமாய் நிற்கிறது.

இதற்கு ஓர் ஆட்சேபணை உண்டு; அது லேசானதல்ல. “எனக்குப் பென்ஷன் கிடையாது. சீட்டுக் கம்பெனியை நம்ப முடியாது. நகையைக் கள்ளன் கொண்டுபோவான். ஒரு மனை வாங்கிப் போட்டால்தான் மகளின் கலியாணத்துக்கோ என் வைத்தியத்துக்கோ உதவும். அதுவும் தப்பா?” என்று ஒரு விதவைத் தாய் கேட்டால், தப்பு என்று சொல்ல நமக்கு நாவெழாது. சிறியவருக்கு நிலமே பாங்கி. பிள்ளைக்கென்று ஒரு மனையும், முதுமைக்கென்று ஒரு சேமிப்பும் வைத்திருப்பவர் பேராசைக்காரரல்ல.

ஆகவே அளவு எங்கே மாறுகிறது என்று பார்க்கவேண்டும். நமக்கோ நம் பிள்ளைக்கோ ஒருநாள் பயன்படும் என்று வைத்திருப்பது முன்யோசனை. யாருக்கும் பயன்படாமல், வாடகைக்கும் விடாமல், நியாய விலைக்குக் கேட்டாலும் கொடாமல், பிறருடைய நெருக்கடி முற்றினால் விலை இன்னும் ஏறும் என்று காத்திருப்பது வேறு. பஞ்சகாலத்தில் நெல்லைப் பதுக்குகிறவனை நாம் பாவி என்கிறோம். அவனும் தன் பணத்தில் வாங்கிய நெல்லைத்தான் வைத்திருந்தான். நெல்லுக்கு ஒரு நியாயமும் மனைக்கு ஒரு நியாயமுமா? இவ்விரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்பதை வேறொருவர் உங்களுக்காகப் போட முடியாது. அந்தரங்கத்தில் உங்களுக்கே தெரியும்.

இன்னொரு காரியத்தை வெளிப்படையாய்ச் சொல்லவேண்டும். 12 இலட்சத்துக்கு விற்கும் மனையை 6 இலட்சத்துக்குப் பத்திரம் எழுதி, மீதியைக் கையில் ரொக்கமாய்க் கேட்கிற வழக்கம் இருக்கிறது. “சர்க்காரை ஏமாற்றுகிறோம், வேறு யாருக்கு நஷ்டம்?” என்று இதை அற்பமாய் எண்ணுகிறோம். உண்மையில் நஷ்டப்படுகிறவன் முதல் வீடு தேடும் சம்பளக்காரன். பாங்கி பத்திரத்தில் கண்ட விலையைப் பார்த்தே கடன் கொடுக்கும். மீதி 6 இலட்சத்துக்கு அவன் எங்கே போவான்? கட்டுக்கட்டாய் ரொக்கம் வைத்திருப்பவன் அந்த மனையைத் தட்டிக்கொண்டு போகிறான். நிலக் கிரயத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாய் வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 முதல் தடுத்திருக்கிறது. நீங்கள் மனை விற்கும்போது உண்மை விலைக்குப் பத்திரம் எழுதினால், அதுவே ஒரு வாலிபனுக்குச் செய்த தருமம்.

வாடகைக்கு வீடு விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் வீடு என்பது எப்போதும் சொந்த வீடாயிருக்கவேண்டும் என்பதில்லை. நிம்மதியாய் ஐந்து வருஷம் இருக்கத்தக்க வாடகை வீடு கிடைத்தால், அதற்குள் பாதிப் பணம் சேர்த்துவிடக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். 2019 முதல் அமலிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்படிக்கை செய்யாதபோது, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்கிறது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டு, பதினோராம் மாதம் வாடகையை ஏற்றி, பிள்ளை பிறந்தால் தண்ணீர் அதிகம் செலவாகிறதென்று காலி செய்யச் சொல்வது கிறிஸ்தவ வீட்டுக்காரருக்கு அழகல்ல.

பெண்ணைப் பெற்றவர்களே, உங்கள் மகள் சுகமாய் வாழவேண்டும் என்ற கவலை நியாயமானது. ஆனால் சொந்த வீடு இல்லாத பையன் நல்லவனாயிருந்தும், வீடு இருக்கிற ஒரே காரணத்துக்காக வேறொருவனைத் தேடுவது கல்லுக்கும் மண்ணுக்கும் பெண் கொடுப்பதாகும். மேலும், நீங்கள் கேட்கும் வீட்டுக்காக அவன் வாங்கும் கடனை இருபது வருஷம் சேர்ந்து அடைக்கப் போகிறவள் உங்கள் மகள்தானே.

வாலிபரே, உங்களுக்கும் சொல்லவேண்டியதுண்டு. கணக்கு உங்களுக்கு விரோதமாயிருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டோம். அதற்காக உங்கள் கையிலுள்ளதையும் விட்டுவிடலாகாது. மண்டபத்துக்கும் விருந்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் ஒரே நாளில் செலவாகும் பணம், மனைக்கு நீங்கள் கையிலிருந்து போடவேண்டிய முதலாயிருக்கக்கூடும். எளிய கலியாணம் செய்து இரண்டு அறையுள்ள வீட்டில் தொடங்குகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவன் உங்கள் தவணையைக் கட்டப் போவதில்லை.

சர்க்காரின் கடமை பெரிது. தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் 1961-ல் ஏற்பட்டது. 1970-ல் ஏற்பட்ட குடிசை மாற்று வாரியம் 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்ற பெயரில் நடக்கிறது. கிராமங்களில் குடிசையில் வசிப்போருக்காக 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் என்ற திட்டம் தொடங்கி, வீட்டுக்கு 3½ இலட்சம் ரூபாய் கொடுக்கப்படுகிறது. 10 இலட்சம் ரூபாய் வரைக்கும் மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்பது 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. தகுதியுள்ளவர்கள் விசாரித்துப் பயன்பெறுங்கள். ஆனால் நகரத்தில் துண்டு நிலமும் இல்லாமல், குடிசையும் இல்லாமல், நடுத்தரச் சம்பளத்தில் வாடகைக்கு இருக்கிறவன் இந்தத் திட்டங்களின் நடுவே நழுவிப்போகிறான்.

நம் தமிழர் அநேகர் வாழும் சிங்கப்பூரைப் பாருங்கள். 1960-ல் அங்கே வீட்டு வசதி வாரியம் ஏற்படுத்தினார்கள். 1968 முதல் தொழிலாளர் தங்கள் சேமநிதிப் பணத்தை வீட்டுக்குச் செலுத்த இடங்கொடுத்தார்கள். இன்று அந்நாட்டில் வசிப்போரில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் அவ்வாரியம் கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். அந்த வீடு 99 வருஷக் குத்தகையில் கிடைக்கிறது. வாங்கினவர் குறைந்தது ஐந்து வருஷம் தாமே அதில் குடியிருந்தபின்தான் விற்கலாம். அந்த நாட்டின் எல்லா ஏற்பாடும் நமக்குப் பொருந்தும் என்று சொல்லவில்லை. வீடு என்பது முதலாவது குடியிருக்கத்தான் என்ற ஒரு கொள்கையைச் சட்டமாக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

சட்டம் வரும்வரைக்கும் மனச்சாட்சி இருக்கிறது. இன்றிரவு செபமாலைக்குப்பின் குடும்பத்தோடு உட்கார்ந்து சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பேரில் இருக்கும் மனைகளில் யாரும் என்றும் குடியேறப்போகாத மனை எது? அதைக் குடியிருக்கப் போகிறவனுக்கு, உண்மை விலைக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்க முடியுமா? மாடியில் சாமான் போட்டுப் பூட்டியிருக்கும் இரண்டு அறையைத் திறக்க முடியுமா? முன்பணத்தை மூன்று மாதமாகக் குறைத்தால் நமக்கு உண்மையில் என்ன குறையும்? ஊரெல்லாம் திருந்தட்டும் என்று இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் பங்கில் பத்துக் குடும்பங்கள் மனது வைத்தால் பத்துப் பேர் குடியேறுவார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கும்போதும் விக்கினம் உண்டா என்று கேட்பார்கள். அப்போது நம் மடியில் இருக்கும் சாவிக் கொத்தை நாம் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.